பழைய மணல்: மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி ஐந்தடிக்கு மாறியபோது நடந்தது

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குத் தொடங்கிய வேலை இரவு எட்டரைக்கு முடிந்தது. ஏழு வருடம் மூன்றடித் தொட்டியில் வாழ்ந்த மீன்களும் கற்களும் ஐந்தடித் தொட்டிக்கு மாறிவிட்டன. தண்ணீர் தெளிந்துவிட்டது, மீன்கள் நீந்துகின்றன என்ற நிம்மதியோடு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு, பூஜ்யமாக இருக்க வேண்டிய அம்மோனியா லிட்டருக்கு 1.0 மி.கி. கிளீனர் இறால்களில் ஒன்று வெளுத்துப்போய் ஸ்கிம்மரின் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) பக்கத்தில் கிடந்தது. சர்ஜன் மீன், தண்ணீர் வந்து விழும் மூலையை விட்டு நகரவில்லை.

என் தங்கை வீட்டுத் தொட்டி இது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பழைய காலத்து வீடு. பராமரிப்பு முழுக்க என் பொறுப்பு. அன்று என்ன செய்தோம், எது சரியாக வந்தது, எந்த இடத்தில் நான் தவறினேன் என்பதைக் குறிப்பேட்டில் உள்ளபடி எழுதுகிறேன். இந்தக் கடற்கரையில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் அதிகம் பேர் இல்லை. தொட்டியை மாற்ற நினைக்கும் அடுத்தவருக்கு என் திங்கட்கிழமைக் காலை வரக் கூடாது.

ஏன் மாற்றினோம்

பழைய தொட்டி 90 × 45 × 45 செ.மீ. கல்லும் மணலும் எடுத்துக்கொண்ட இடம் போக அதில் நின்ற நீர் ஏறத்தாழ 140 லிட்டர். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு மஞ்சள்வால் டாம்செல், மணலில் புதைந்து உறங்கும் ஒரு ராஸ் மீன், இரண்டு கிளீனர் இறால்கள், கொஞ்சம் துறவி நண்டுகளும் நத்தைகளும், இவற்றோடு ஒரு பவுடர் புளூ சர்ஜன். இந்தச் சர்ஜன்தான் மாற்றத்துக்கு முதல் காரணம். வந்தபோது உள்ளங்கையில் அடங்கியது. 20 செ.மீ.க்கு மேல் வளரக்கூடிய இனம், நாளெல்லாம் நீண்ட தூரம் நீந்தித் திரிவது. மூன்றடியில் அது நான்கு வாலடியில் சுவரைத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. வாங்கும்போதே இதை யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் இங்கே 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. எங்கள் தெருவில் மின்சாரம் வர ஒன்றரை நாள் ஆனது. வீட்டு இன்வெர்ட்டர் விசிறிக்கும் விளக்குக்குமே போதவில்லை. தொட்டிக்குப் பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு மட்டும்தான் மிச்சம். 28 டிகிரி வெப்பத்தில் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 6.5 மி.கி. ஆக்சிஜனைத்தான் தாங்கும், நன்னீர் தாங்குவதைவிட இது குறைவு. 140 லிட்டரில் ஐந்து மீன்கள் மூச்சுவிட்டால், நீரோட்டம் நின்ற சில மணி நேரத்திலேயே அது தெரிந்துவிடும். அன்று இரவு நானும் தங்கை மகனும் மாறி மாறி மக்கில் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். விடியும்போது அவன் கேட்டான்: “மாமா, இன்னும் பெரிய தொட்டி இருந்தால் இவ்வளவு சீக்கிரம் மூச்சு முட்டாது, இல்லையா?” பிளஸ் டூ படிக்கும் பையன். நீர்ப்பரப்பும் கொள்ளளவும் கூடினால் கிடைக்கும் அவகாசம் என்ன என்பதை அவனுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதைப் படிப்பவர்கள் கற்களைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொட்டியில் பவளம் இல்லை. கடினப் பவளங்கள், கடல் விசிறிகள், கடற்குதிரைகள், கடல் அட்டைகள் எல்லாம் 2001இல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். அதன் காரணத்தையும் மதிக்கிறேன். எங்களுடையவை சுட்ட களிமண்ணில் செய்த, நுண்துளை நிறைந்த செயற்கைக் கற்கள், மொத்தம் 32 கிலோ. ஏழு வருடத்தில் அவற்றின் மேல் ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சுண்ணாம்புப் பாசி படர்ந்து, இப்போது பார்ப்பவர்கள் கடலிலிருந்து வந்தவை என்றே நினைப்பார்கள். கோமாளி மீன்கள் பொரிப்பகத்தில் வளர்ந்தவை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், நம் பக்கத்தில் வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டிய பிறகு, கடலிலிருந்து அவற்றைப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை.

வாட்டம்

புதிய தொட்டி 150 × 60 × 60 செ.மீ., 12 மி.மீ. கண்ணாடி. கண்ணாடி மட்டும் நூறு கிலோவுக்கு மேல். நீர், மணல், கல், கீழே இருக்கும் சம்ப் (மேலிருந்து வழியும் நீர் சேரும் துணைத் தொட்டி) எல்லாம் சேர்த்தால் முக்கால் டன். இதை மாடியில் வைப்பது பற்றிப் பேச்சே எழவில்லை. தரைத்தளத்தில் கூடத்துச் சுவரை ஒட்டி இடம் ஒதுக்கினோம். இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டு வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உப்புநீர் தெறிக்கும் வீட்டில், அதுவும் கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், இரும்புக்கு எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் பற்றவைத்த மூட்டில் துரு ஏறிவிடும். மூன்று செங்கல் தூண் கட்டி, மேலே ஒரே துண்டாகக் கடப்பா கல் போட்டோம்.

அந்த வீட்டின் தரை பழைய சிவப்பு ஆக்சைடு தரை. கழுவிவிட்ட தண்ணீர் தானாக முற்றத்துக்கு ஓடுவதற்காக அந்தக் காலத்தில் வாட்டம் வைத்துப் போட்டிருக்கிறார்கள். ஐந்தடிக்குள் 8 மி.மீ. சரிவு. கண்ணுக்குத் தெரியாது, ரசமட்டம் வைத்தால் தெரியும். தொட்டிக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் அட்டை வைத்துச் சமன் செய்துவிடலாமா என்று கேட்டேன். மேஸ்திரி ஒப்புக்கொள்ளவில்லை. “வாட்டத்தைத் தூணிலேயே எடுத்துவிட வேண்டும் சார். கண்ணாடிக்குக் கீழே முட்டுக் கொடுத்தால், முட்டு இருக்கும் இடத்தில்தான் பாரம் நிற்கும்” என்றார். தூணின் கடைசி வரியில் கலவையைக் கூட்டிக் குறைத்து, கடப்பா கல்லை நீள வாக்கிலும் அகல வாக்கிலும் மூலைக்கு மூலையும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவில் தெர்மாகோல் விரித்தோம். தொட்டியை நிரப்பியபோது, நீர்மட்டம் இரண்டு ஓரத்திலும் ஒரே அளவில் நின்றது. மொத்த வேலையில் குறை சொல்ல முடியாத பகுதி மேஸ்திரியுடையதுதான்.

சிலிகானின் காடி வாசனை முழுக்கப் போன பிறகு, நன்னீர் நிரப்பி ஒரு வாரம் விட்டுவைத்தோம். கசிவு இல்லை. அந்த வாரத்தில் செய்த இன்னொரு சோதனை முக்கியமானது. மின்சாரம் நின்றால் மேல் தொட்டியின் நீர் வழிவாயின் மட்டம் வரை கீழே சம்புக்கு இறங்கும். மேல் தொட்டியின் பரப்பு 9,000 சதுர செ.மீ.; 3 செ.மீ. நீர் இறங்கினாலே 27 லிட்டர். சம்பின் பரப்பு 3,600 சதுர செ.மீ. என்பதால் அங்கே மட்டம் ஏழரை செ.மீ. உயரும். குழாயில் நிற்கும் நீர் தனி. கணக்குப் போட்டதோடு நிற்காமல், பம்பின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தோம். நீர் ஏறி நின்ற இடத்துக்கு மேலே நான்கு விரல் விட்டு, சம்பின் கண்ணாடியில் நீல பெர்மனன்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். பம்பு ஓடாதபோது நீர் எந்நாளும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

தண்ணீர்

புதிய அமைப்பில் மொத்தம் 540 லிட்டர் நீர் வேண்டும். பழைய தொட்டியிலிருந்து மேலாகத் தெளிந்த 100 லிட்டரை எடுத்துக்கொள்ளலாம். மீதி 440. வைத்திக்குப்பத்தில் படகு வைத்திருக்கும் ஓர் அண்ணன், ஆழத்துக்குப் போகும்போது கேனில் நீர் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருந்தார். புயலுக்குப் பிறகு டிசம்பர் முழுக்க எங்கள் கரையில் கடல் செம்மண் நிறத்தில் கிடந்தது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல். “கடல் கலக்காக இருக்கிறது தம்பி, உங்கள் மீனுக்கு ஆகாது” என்று அவரே மறுத்துவிட்டார். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் கரையோர நீரின் உவர்ப்பும் குறைந்திருக்கும். ஆகவே ஆர்.ஓ. நீரில் செயற்கைக் கடலுப்பைக் கரைத்தோம். லிட்டருக்கு ஏறத்தாழ 37 கிராம். 440 லிட்டருக்கு 16 கிலோ சொச்சம். ஆர்.ஓ. இயந்திரம் மணிக்கு 12 லிட்டர்தான் தரும் என்பதால், நான்கு நாள் விட்டுவிட்டுப் பிடித்தோம். உப்பு நன்றாகக் கரைந்து நீர் தெளிய ஒரு முழு நாள் பம்பு ஓடியது. அடர்த்தி 1.025, பழைய தொட்டியிலும் அதே.

பிடித்து வைத்தது மொத்தம் 460 லிட்டர். கையிருப்பு 20 லிட்டர் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். அந்த எண்ணின் பக்கத்தில் பிறகு ஒரு சிவப்பு வட்டம் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை

தை மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வெப்பம். மே மாதத்தில் இந்த வேலையைச் செய்தால், வாளியில் இருக்கும் நீர் ஒரு மணி நேரத்தில் 31 டிகிரியைத் தாண்டிவிடும். பிப்ரவரியில் காலை 26, மதியம் 27.

முதலில் 100 லிட்டர் பழைய நீரைக் குழாய் வைத்து எடுத்தோம். பாதி மீன்களுக்கு, பாதி கற்களுக்கு. பிறகு கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, ஒரு டிரம்மில் நீருக்குள் மூழ்க வைத்து, பவர்ஹெட் (நீரோட்டம் தரும் சிறு பம்பு) போட்டு நீரை ஓடவிட்டோம். கல்லின் நுண்துளைகளில் இருக்கும் நைட்ரிஃபிகேஷன் பாக்டீரியாக்கள்தான் தொட்டியின் உயிர். மீன் வெளிவிடும் அம்மோனியாவை அவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அதற்கு அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். நீரில் மிதந்து திரிபவை மிகக் கொஞ்சம். பரப்பில் ஒட்டி வாழ்பவையே பெரும்பகுதி. பழைய நீரைப் பொத்திப் பொத்தி எடுத்துவைப்பவர்கள் கல்லை வெயிலில் பரப்பிவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதை நினைத்துத்தான் கல் டிரம்மில் அவ்வளவு கவனம் செலுத்தினேன்.

கல் எல்லாம் போனபின் மீன் பிடிப்பது சுலபம். சர்ஜனுக்கு வலை போடக் கூடாது. அதன் வாலின் அடியில் இரு பக்கமும் கத்திபோல் ஒரு முள் மடங்கி இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். வலையில் சிக்கினால் வலையையும் கிழித்துத் தன் தோலையும் கிழித்துக்கொள்ளும். பெரிய பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள் சாய்த்துப் பிடித்து, பையன் மறுபக்கத்திலிருந்து கையால் மெதுவாக ஓட்டினான். மூன்றாவது முறை உள்ளே போனது. நீரோடு சேர்த்தே தூக்கி மீன் டிரம்மில் விட்டோம்.

ராஸ் மட்டும் மணலுக்குள். எல்லோரையும் வெளியேற்றிய பிறகு, கடைசியில் நான்கு விரல் நீரில் கையை விட்டு மணலை மூலையிலிருந்து துழாவினேன். ஏழு வருட மணல், 8 செ.மீ. ஆழம். மேலே வெண்மை. இரண்டு விரல்கடைக்குக் கீழே சாம்பல். கண்ணாடியை ஒட்டிய அடிப்பகுதியில் கறுப்பு. கை இறங்கிய இடத்திலிருந்து புகைபோல ஒன்று எழுந்தது.

“அழுகிய முட்டை வாசனை வருகிறது மாமா” என்று பையன் பின்வாங்கினான்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் வேறுவகை பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டைக் கொண்டு பிழைக்கின்றன. கடல்நீரில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்ஃபேட் இருப்பதால், கடல்நீர்த் தொட்டியின் ஆழமான மணலில் இது எளிதில் உண்டாகும். மீன்கள் இருக்கும்போதே மணலைக் கிளறியிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். வரிசையை முன்கூட்டி யோசித்து வைத்தது காப்பாற்றியது. ராஸ் பின்மூலையில் அகப்பட்டது. உயிரோடு டிரம்முக்குப் போனது.

இதற்கிடையில் மதியம் ஒரு சிறு விபத்து. தங்கை சமையலறையில் சட்னி அரைக்க மிக்ஸியைப் போட, பாயின்ட் இல்லாமல் கூடத்துக்கு வந்த எக்ஸ்டென்ஷன் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள். திரும்பச் செருக மறந்துவிட்டாள். அது கல் டிரம்மின் பவர்ஹெட்டுக்கான இணைப்பு. மீன் பிடிக்கும் மும்முரத்தில் எங்களில் யாரும் கவனிக்கவில்லை. இரண்டு மணி நேரம் இருக்கலாம். அவ்வளவு நேரம் 32 கிலோ கல் அசையாத நீரில் கிடந்தது.

“போதும்”

பழைய மணலைப் புதிய தொட்டியில் போடுவதில்லை என்பது திட்டம். குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன். புதிய அரகோனைட் மணல் 40 கிலோ வாங்கி, மூன்று முறை அலசி வைத்திருந்தேன். 150 × 60 அடித்தளத்தில் 4 செ.மீ. ஆழத்துக்குப் பரப்ப 36 லிட்டர் மணல் தேவை. லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ வீதம் 54 கிலோ. இந்தக் கணக்கை நான் கடைக்குப் போவதற்கு முன் போட்டிருக்க வேண்டும். மாலை ஐந்தரை மணிக்கு, மணலைப் பரப்பிவிட்டுப் பார்க்கும்போது வலது பக்கம் வெறும் கண்ணாடி தெரிந்தபோதுதான் போட்டேன். 14 கிலோ குறைவு. ஞாயிறு மாலை எங்கே போய் வாங்குவது?

பழைய மணலின் மேற்பகுதியை மட்டும் எடுத்து, பழைய உப்புநீரிலேயே அலசிப் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன். மேல்மணலில் நல்ல பாக்டீரியா இருக்கும், அது புதிய மணலுக்கு வித்தாகும் என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். ஆனால் ராஸைத் தேடித் துழாவியபோதே மேலும் கீழும் கலந்துபோயிருந்தது. முதல் வாளி நீர் கறுப்பு. இரண்டாவது சாம்பல். மூன்றாவது பால் விட்ட காபி. நான்காவது வாளியைக் கூடத்து விளக்கடியில் வைத்துப் பார்த்தோம். தேநீர் நிறம். கையை விட்டால் விரல்நுனி தெரிந்தது, நகம் தெரியவில்லை. பையன் என்னைப் பார்த்தான். “இன்னொரு முறை அலசலாமா மாமா?” மீன்கள் டிரம்மில் ஏழு மணி நேரமாக இருந்தன. எனக்கு இடுப்பு நிமிரவில்லை.

“போதும்” என்றேன்.

அந்த 14 கிலோவையும் வலது பக்கம் கொட்டினோம். மேலே தட்டு வைத்து, அதன்மேல் மெதுவாக நீர் ஊற்றி நிரப்பினோம். கல் அடுக்கினோம். ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் புதிய நீரை டிரம்முக்குள் விட்டு மீன்களைப் பழக்கி, எட்டரைக்கு எல்லாவற்றையும் உள்ளே விட்டோம். பத்து மணிக்குச் சோதித்தபோது அம்மோனியா 0.25. மாற்றிய முதல் இரவில் இது இருக்கத்தான் செய்யும் என்று தூங்கப் போனேன்.

நான்கு ஜாடிகள்

திங்கள் காலையில் தொட்டி எப்படி இருந்தது என்பதை முதலிலேயே சொன்னேன். சர்ஜனின் செவுள் அசைவைப் பதினைந்து விநாடி எண்ணினேன்: 35. அதாவது நிமிடத்துக்கு 140. வழக்கமாக 90க்குள் இருக்கும். ராஸைக் காணவே காணோம். கடல்நீர்த் தொட்டியில் அம்மோனியா 1.0 என்பது நன்னீரில் அதே அளவு இருப்பதைவிடக் கொடியது. பிஹெச் 8.2இல், 26 டிகிரியில், மொத்த அம்மோனியாவில் 100இல் ஏறத்தாழ 7 பங்கு நச்சு வடிவில் இருக்கும். பிஹெச் 7 உள்ள நன்னீரில் அது ஒரு பங்குகூட வராது.

உடனடியாக அம்மோனியாவைக் கட்டும் திரவத்தை ஊற்றினேன். அதை ஊற்றிய பிறகும் சோதனையில் எண் குறையாது. கட்டப்பட்ட அம்மோனியாவையும் சேர்த்தே இந்தச் சோதனை காட்டும். மீனின் மூச்சைப் பார்த்துத்தான் பலனை அறிய வேண்டும்.

அடுத்தது காரணம். தங்கை கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். “நான் பிளக்கைப் பிடுங்கியதாலா அண்ணா?” என்றாள். இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கே அந்தச் சந்தேகம்தான் முதலில் வந்தது. இரண்டு மணி நேரம் ஓட்டமில்லாத நீரில் கல்லின் மேலிருந்த சிற்றுயிர்கள் செத்திருந்தால், அவை அழுகி அம்மோனியா ஏறலாம். அப்படியானால் கற்களை வெளியே எடுத்துத் தனியாக வைத்துத் தேற்ற வேண்டும். காரணம் மணல் என்றால் கல்லைத் தொடவே கூடாது. அதுதான் தொட்டியைக் காப்பாற்றும் ஒரே வடிகட்டி. எதைச் செய்வது என்பது காரணத்தைப் பொறுத்தது. தவறாக ஊகித்துக் கல்லை வெளியே எடுத்திருந்தால் மீன்கள் அத்தனையும் போயிருக்கும்.

சமையலறையில் நான்கு கண்ணாடி ஊறுகாய் ஜாடிகள் இருந்தன. நன்றாகக் கழுவி, மீதமிருந்த 20 லிட்டரிலிருந்து ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் ஊற்றினேன். ஒன்றில் வெறும் நீர். ஒன்றில் ஒரு கைப்பிடி புதிய மணல். ஒன்றில் டிரம்மில் கிடந்த கற்களில் கைமுட்டி அளவு ஒன்று. நான்காவதில் வலது பக்கத்திலிருந்து எடுத்த பழைய மணல் ஒரு கைப்பிடி. காலை ஆறரைக்கு வைத்தோம். பள்ளிக்குக் கிளம்பிய பையன், மதியம் முடிவை எழுதிவைக்கச் சொல்லிவிட்டுப் போனான்.

பன்னிரண்டரைக்கு நான்கு சோதனைக் குழாய்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக நிறுத்தினேன். வெறும் நீர் மஞ்சள், அதாவது அம்மோனியா இல்லை. புதிய மணல் மஞ்சள். கல் போட்ட ஜாடி, கூர்ந்து பார்த்தாலும் மஞ்சள். பழைய மணல் போட்ட ஜாடி கரும்பச்சை, அட்டையில் 2.0க்கும் மேல். தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான்காவது குழாயைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, எனக்குச் சோறு போடப் போனாள்.

ஏன் இப்படி என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. ஆழ மணலில் ஏழு வருடக் கழிவும் மிச்ச உணவும் இறங்கிக் கிடந்தன. அங்கே சிதைவு நடந்துகொண்டே இருக்கும். ஆனால் ஆக்சிஜன் இல்லாததால் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா அங்கே வேலை செய்யாது. அம்மோனியா மணல் இடுக்கு நீரிலேயே தங்கிவிடும். மேலே இருக்கும் வெண்மணல் ஒரு மூடிபோல அதைக் கீழேயே நிறுத்தி வைத்திருந்தது. கலைக்காதவரை அந்த மணல் நல்ல மணல்தான். கலைத்து இன்னொரு இடத்தில் கொட்டும்போது, அதே மணல் சாக்கடை. என் நான்கு வாளி அலசல் இடுக்கு நீரை வெளியேற்றியது. மணலோடு ஒட்டியிருந்த கசடை வெளியேற்றவில்லை.

ஒரு அங்குலக் குழாயை வைத்து வலது பக்க மணலை உறிஞ்சி எடுத்தோம். புதிய மணலையும் கொஞ்சம் சேர்த்தே எடுக்க வேண்டியிருந்தது. கூடவே 110 லிட்டர் நீர் போனது. கையிருப்பில் 18 லிட்டர்! ஆர்.ஓ. இயந்திரத்தை நம்பினால் இரவாகிவிடும். தெருமுனைக் கடையிலிருந்து 20 லிட்டர் குடிநீர்க் கேன் ஐந்து வாங்கினேன். டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 60 காட்டியது, அவசரத்துக்கு அது போதும். உப்பைக் கரைத்து, இரண்டு பம்பு வைத்துக் கலக்கி, ஐந்து மணி நேரம் காற்றோட்டம் கொடுத்த பிறகே ஊற்றினோம். அதுவரை தொட்டி 110 லிட்டர் குறைவாகவே ஓடியது. இன்று இதே வேலையைச் செய்தால், மொத்த நீரில் மூன்றில் ஒரு பங்கைத் தயார் நிலையில் வைக்காமல் ஒரு கல்லைக்கூட நகர்த்த மாட்டேன்.

திங்கள் இரவு 0.75. செவ்வாய் இரவு 0.5. புதன் 0.25. வெள்ளிக்கிழமை காலை சோதனைக் குழாய் மஞ்சள். நைட்ரைட் நடுவில் 0.5 வரை ஏறி இறங்கியது. கடல்நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு, நைட்ரைட்டைச் செவுள் வழியே எளிதில் உள்ளே விடாது என்பதால் அதற்கு நான் பதறவில்லை. அந்த நாள்களில் மீன்களுக்கு இரை ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு சிட்டிகை. சர்ஜனுக்கு வெண்புள்ளி நோய் வருமோ என்று மூன்று வாரம் தினமும் இரவில் டார்ச் அடித்து உடம்பு முழுக்கப் பார்த்தேன். இந்த இனம் சிறு அலைக்கழிப்புக்கே அந்த நோயில் விழும். வரவில்லை.

இழப்பு ஒரு கிளீனர் இறால், இரண்டு நத்தைகள். ராஸையும் இழப்புக் கணக்கில் எழுதியிருந்தேன். வெள்ளிக்கிழமை மஞ்சள் குழாயைப் பார்த்த அதே காலையில், இடது பக்கப் புதிய மணல் ஓரிடத்தில் குவிந்து அசைந்தது. முதலில் மூக்கு, பிறகு ஒரு கண். சுற்றும் பார்த்துவிட்டு, உடம்பை ஒரே உதறலில் உருவிக்கொண்டு வெளியே வந்தது. ஐந்து நாள் மணலுக்குள்ளேயே இருந்திருக்கிறது. நல்லவேளையாக அது இடது பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது.

அதன் பிறகு

வலது பக்கத்துக்கு வேண்டிய மணலை இரண்டு வாரம் கழித்துப் புதிதாக வாங்கிப் பரப்பினோம். இப்போது ஆழம் எங்கும் 4 செ.மீ.தான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மணல்பரப்பில் கால் பகுதியை மட்டும் பையன் குழாய் வைத்துச் சுத்தம் செய்கிறான். சுற்று முடிய இரண்டு மாதம். எந்தக் கால் பகுதி எந்தத் தேதியில் என்று ஸ்டாண்டின் உள்கதவில் சாக்பீஸால் எழுதிவைக்கிறான். விசிறி ஓடுவதால் நாளுக்கு ஐந்தாறு லிட்டர் ஆவியாகிறது. ஆவியாவது நீர் மட்டும், உப்பு அல்ல என்பதால், அந்தக் குறையை ஆர்.ஓ. நன்னீரால்தான் நிரப்புகிறோம். இதைத் தங்கை பார்த்துக்கொள்கிறாள்.

தொட்டிக்கென்று தனி இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியும் வாங்கினோம். சம்பிலிருந்து நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பும் ஒரு பவர்ஹெட்டும் சேர்ந்து 55 வாட். பேட்டரியை அடிவரை வற்றவிடாமல் இருந்தாலும் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். அந்த பிளக்கின் மேல் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது.

2025 ஐப்பசியில் ஒரு ராத்திரி மழையில் மின்சாரம் போனது. விடியும்வரை வரவில்லை. பேட்டரி தாங்கியது. காலையில், இவ்வளவு மாதப் பாசியும் உப்புப் படிவும் சேர்ந்த பிறகு பழைய கணக்கு நிற்கிறதா என்று பார்க்க, நானே பம்பை நிறுத்தினேன். சம்பில் நீர் ஏறத் தொடங்கியது. பையன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நீலக் கோட்டுக்கு மூன்று விரல்கடை கீழே வந்து நின்றது.

“மேலே விட்ட நான்கு விரல் மூன்றாகிவிட்டது மாமா” என்றான். வழிவாயில் பாசி அடைத்தால் மேல் தொட்டியின் மட்டம் கூடும், கீழே இறங்கும் நீரும் கூடும். அன்று மதியமே வழிவாயின் சீப்பை (சீப்புபோல் பல் உள்ள தடுப்பு) கழற்றி, பாசியைச் சுரண்டிக் கழுவி மாட்டினோம்.